காக் சந்துப் பேயும் 12 கினி கடனும்

சில வருஷங்களுக்கு முன் நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றில் நடந்த விஷயம்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. பெயர், இடம் வேண்டாம். சாலில் ஒற்றை அறை. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் பலகைத் தடுப்புக்குப் பின்னாலிருந்து தட்டுகிற சத்தம். மாமியார் காலமாகி நாலு மாசம்தான் ஆகியிருந்தது. வந்திருப்பது அவர்தான் என்றார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சின்ன மருமகள் சாப்பாட்டில் எதையோ கலந்துவிட்டாள் என்று அந்தத் தட்டல் மூலமாகவே மாமியார் சொல்வதாகப் பேச்சு கிளம்பிவிட்டது. அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் என் கடைக்கு வந்து, “நயினாரே, நீங்க பழைய புஸ்தகமெல்லாம் படிக்கிறவரு. உங்க சமணத்துல பேய் உண்டா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க” என்றார்.

ஒரே வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயமா இது! எங்கள் ஆகமங்களில் வியந்தர தேவர் என்று எட்டு வகை சொல்லப்படுகிறது. பூதம், பிசாசம் இரண்டும் அதில் அடக்கம். ஆகவே கிடையவே கிடையாது என்று நான் சொன்னால் அது நூலுக்கு விரோதம். ஆனால் அதே சமணத் தமிழில்தான் நீலகேசியும் இருக்கிறது. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936-ல் சமய திவாகர வாமன முனிவரின் உரையோடு பதிப்பித்த நூல். காளி கோயிலுக்கு உயிர்ப்பலி கொண்டுவந்தவர்களிடம், மண்ணால் செய்த உருவத்தை வைத்துவிட்டுப் போங்கள் என்று முனிச்சந்திரர் சொல்கிறார். கோபங்கொண்ட காளி, அவரை விரட்டத் தெற்கே பழையனூர் நீலியை வரவழைக்கிறாள். நீலி பயமுறுத்திப் பார்க்கிறாள், முனிவர் அசையவில்லை. பிறகு ராஜகுமாரி வேஷத்தில் மயக்க வருகிறாள், அதையும் கண்டுகொள்கிறார். கடைசியில் அந்தப் பேயே அவருக்குச் சிஷ்யையாகி, ஊர் ஊராகப் போய் மற்ற சமயத்தாரோடு வாதம் செய்கிறாள்.

எனக்கு இதில் பிடித்தது ஒன்று உண்டு. பேய் உண்டா இல்லையா என்று முனிவர் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. எதிரில் நிற்பது யார், என்ன காரியமாக வந்திருக்கிறது, இதை மட்டும்தான் பார்த்தார். அதே கேள்வியை 1762-ல் லண்டன் நகரத்தில் சிலர் கேட்டார்கள். கேட்டிராவிட்டால் ஒரு மனிதனுக்குத் தூக்குக்கயிறுதான். பெரியவரை உட்காரவைத்து அந்தக் கதையைத்தான் சொன்னேன்.

ஸ்மித்ஃபீல்ட் சந்தைக்குப் பக்கத்தில் காக் லேன் என்று ஒரு சந்து. அங்கே குடியிருந்தவர் ரிச்சர்ட் பார்சன்ஸ், செயின்ட் செபல்கர் கோயிலில் குமாஸ்தா. குடிப்பழக்கம் உள்ளவர், கையில் காசு தங்காது. 1759-ல் அவர் வீட்டில் ஒரு ஜோடி வாடகைக்கு வந்தது. நார்ஃபோக் பக்கத்து வில்லியம் கென்ட், வட்டிக்குக் கொடுத்து வாங்குபவர். கூட ஃபேனி லைன்ஸ். இவள் கென்ட்டின் இறந்துபோன மனைவிக்குத் தங்கை. நம் பக்கத்தில் மனைவி தவறிவிட்டால் மச்சினியைக் கட்டிக்கொள்வது ஒன்றும் புதிதில்லை. அங்கே திருச்சபைச் சட்டம் இடம் தரவில்லை. அதனால் கணவன் மனைவி என்று சொல்லிக்கொண்டு குடியிருந்தார்கள். இந்த ரகசியம் வீட்டுக்காரருக்குத் தெரியும். வீட்டுக்காரர் குடியிருந்தவரிடமே 12 கினி கடன் வாங்கினார், மாதம் ஒரு கினி திருப்பித் தருவதாகப் பேச்சு. (ஒரு கினி என்றால் 21 ஷில்லிங்.) ரகசியம் ஒருத்தர் கையில், கடன் பாக்கியும் அவர் பேரில். வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

கென்ட் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போனபோது, கர்ப்பமாயிருந்த ஃபேனி துணைக்குப் பார்சன்ஸின் மூத்த மகள் எலிசபெத்தைப் படுக்கவைத்துக்கொண்டாள். அப்போதுதான் கட்டிலருகே தட்டலும் பிராண்டலும் முதலில் கேட்டன. பக்கத்து வீட்டுச் செருப்புத் தைப்பவர் வேலை செய்கிறார் என்றாள் வீட்டுக்காரி. அவர் வேலை செய்யாத ஞாயிற்றுக்கிழமையும் கேட்டது. செத்துப்போன அக்காதான் வந்து எச்சரிக்கிறாள் என்று ஃபேனி பயந்தாள். பிறகு இருவரும் வேறு வீடு போனார்கள். 1760 பிப்ரவரி 2-ம் தேதி ஃபேனி பெரியம்மையில் இறந்தாள். வைத்தியம் பார்த்த டாக்டரும் மருந்துக்காரரும் அப்படித்தான் சொன்னார்கள். குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயத்தில் சவப்பெட்டியில் பெயர்த்தகடு வேண்டாம் என்றார் கென்ட். ஃபேனியின் சொத்து கென்ட்டுக்கே எழுதப்பட்டிருந்தது, உடன்பிறந்தவர்களுக்கு மனத்தாங்கல். இதற்கிடையில் பார்சன்ஸ் பாக்கியைக் கொடுக்கவில்லை, கென்ட் வக்கீலைப் பிடித்தார். 1762 ஜனவரிக்குள் கடன் வசூலாகிவிட்டது.

அதே ஜனவரியில்தான் காக் சந்து வீட்டில் தட்டல் மறுபடி ஆரம்பம்!

இந்தத் தேதிப் பொருத்தத்தைப் படித்தபோது பேரேட்டில் பற்றும் வரவும் நேருக்கு நேர் நிற்பதைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. ஆனால் அன்றைக்கு ஊர் அதைப் பார்க்கவில்லை. ஜான் மூர் என்ற பாதிரியார் வந்தார். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை, கோபம் வந்தால் பிராண்டல் என்று ஒரு பாஷையே ஏற்பட்டது. வந்திருப்பது ஃபேனி, கென்ட் அவளுக்குப் பானத்தில் பாஷாணம் கொடுத்துக் கொன்றார் என்று தட்டல் சாட்சி சொல்லியது. பத்திரிகைகள் இதை அச்சடித்தன, சந்தில் நுழைய முடியாத கூட்டம். ராஜாவின் தம்பி யார்க் பிரபுவே ஹொரேஸ் வால்போலோடு வந்து, சின்ன அறையில் ஐம்பது பேரோடு நெருக்கியடித்துக்கொண்டு காத்திருந்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பினார். தூக்கில் போடு என்று கூச்சல் எழுந்தது. மேயர் மட்டும் யாரையும் கைது செய்ய அவசரப்படவில்லை. பெண்ணைச் சோதிக்கட்டும் என்று விட்டார்.

ஃபேனி புதைக்கப்பட்ட கிளார்க்கன்வெல் செயின்ட் ஜான் கோயில் பாதிரியார் ஸ்டீபன் ஆல்ட்ரிச் ஒரு குழுவைக் கூட்டினார். அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன் அதில் ஒருவர். இந்த இடத்தை வாசகர்கள் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஜான்சன் நாஸ்திகர் இல்லை. மரணபயம் நிறைந்த பக்தர், ஆவி உண்டென்றால் ஆறுதல் அடையக்கூடியவர். உண்மையாக இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறவனே சோதிக்கப் போவதுதான் கஷ்டம். பிப்ரவரி 1-ம் தேதி இரவு, ஆல்ட்ரிச் வீட்டில் சில மாதர்கள் அந்தச் சிறுமியைப் படுக்கவைத்துக் காவல் இருந்தார்கள். கைகளைப் போர்வைக்கு வெளியே வைக்கச் சொன்னதும் சத்தம் இல்லை. நிலவறையில் தன் சவப்பெட்டியைத் தட்டிக்காட்டுவதாக ஆவி முன்னமே வாக்குக் கொடுத்திருந்தது. ராத்திரி ஒரு மணிக்கு அங்கேயும் இறங்கினார்கள். குரல் கொடுத்துக் கூப்பிட்டார்கள். ஒன்றுமில்லை. சத்தம் போடும் வித்தை பெண்ணிடம்தான் இருக்கிறது என்று ஜான்சன் எழுதிக்கொடுத்த அறிக்கை பத்திரிகைகளில் வந்தது. பேய் தேடிப் போனவர் என்று ஒரு கவிராயர் அவரையே கேலி செய்து பாட்டுக் கட்டினார்!

ஆனாலும் இந்த விசாரணையில் எனக்கு மனசு ஒப்பாத பகுதி ஒன்று உண்டு. பன்னிரண்டு வயசுக் குழந்தையை வீடு வீடாக மாற்றி, தூளியில் தொங்கவிட்டு, கையையும் காலையும் பிடித்துப் பார்த்தார்கள். இன்றைக்கும் சத்தம் வராவிட்டால் உன்னையும் உன் அப்பாவையும் நியூகேட் ஜெயிலுக்கு அனுப்புவோம் என்று பிப்ரவரி 21-ம் தேதி மிரட்டினார்கள். அவள் ஆறங்குல நீளத்தில் ஒரு சின்ன மரத்துண்டை உடைக்குள் ஒளித்ததை வேலைக்காரிகள் பார்த்துவிட்டார்கள். அப்பாவைக் காப்பாற்றத் தட்டினாள், அதுவே அப்பாவை மாட்டிவிட்டது. அந்த மரத்துண்டை ருசு என்று எடுத்துக்கொள்ளலாம். அதைப் பிடித்திருந்த கைக்கு என்ன பொறுப்பு?

நான் இதைச் சொன்னபோது பெரியவர் பேசவே இல்லை. அவர் வீட்டில் தட்டல் கேட்கிற தடுப்பை ஒட்டி யார் படுப்பார் என்று கேட்டேன். பெரிய மகனின் பையன். அறை யார் பெயரில் என்று கேட்டேன். வாடகை ரசீது இறந்த அம்மா பெயரில், கட்டடம் இடித்துக் கட்டப் போகிறார்கள், அண்ணன் தம்பிக்குள் இன்னும் பேச்சு முடியவில்லை. பையனை யாரும் ஒன்றும் கேட்காதீர்கள், முதலில் ரசீது விஷயத்தை முடியுங்கள் என்றேன். முடித்தார்கள். பிறகு சத்தத்தைப் பற்றி யாரும் பேசக் காணோம். சின்ன மருமகள் மட்டும் சங்க விழாக்களுக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

லண்டன் வழக்கு 1762 ஜூலை 10-ம் தேதி கில்ட்ஹாலில் மான்ஸ்ஃபீல்ட் பிரபு முன் நடந்தது. சதி செய்ததாகத் தீர்ப்பு. பாதிரியார் மூரும் ஒரு வியாபாரியுமாகச் சேர்ந்து கென்ட்டுக்கு 588 பவுண்டு கொடுத்துத் தப்பினார்கள். பார்சன்ஸுக்கு இரண்டு வருஷம் ஜெயில், மூன்று முறை தண்டனைக் கட்டையில் நிறுத்துவது. மனைவிக்கு ஒரு வருஷம். கட்டையில் நிற்பவர்மேல் கல்லும் அழுகல் காய்கறியும் வீசுவது அந்த ஊர் வழக்கம். பார்சன்ஸுக்கோ ஜனங்கள் காசு வசூல் செய்து கொடுத்தார்கள்! ஊர் தான் நம்பியதை அவ்வளவு சுலபமாக விடாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1845-ல் ஜே. டபிள்யூ. ஆர்ச்சர் என்ற ஓவியர் அந்த நிலவறையில் படம் வரையப் போனார். ‘பிராண்டும் ஃபேனி’ இதுதான் என்று விளக்குப் பிடித்த பையன் ஒரு பெட்டியைக் காட்ட, ஓவியர் திறந்து பார்த்தார். முகம் கெடாத ஒரு அழகிய பெண்ணின் உடல், அம்மைத் தழும்பே இல்லை என்று எழுதிவைத்தார். பாஷாணம் உடலைக் கெடவிடாது என்பார்கள். அப்படியானால் கென்ட்...? என்று சிலர் இன்றும் இழுக்கிறார்கள். ஃபேனியின் பெட்டியில்தான் பெயர்த்தகடே கிடையாதே! 85 வருஷம் கழித்து விளக்குப் பிடித்த பையன் கைகாட்டியதை வைத்து ஒருத்தனைக் கொலைகாரன் என்று எழுத என் கை வரவில்லை.