பேய் விருந்துக்கு வந்த பழைய விருந்தாளிகள்

அக்டோபர் மாதத்தில் அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டில் தங்கியிருந்த நம் வயதுக்காரர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். வாசலில் கண்ணும் வாயும் வெட்டிய மஞ்சள் பூசணி, ஜன்னலில் காகித வௌவால். சாப்பாட்டு மேசைக்குப் போனால், வெட்டிய விரல் மாதிரி சாசேஜ், விழி மாதிரி அவித்த முட்டை. பேரப்பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு சாப்பிடுவார்கள். நமக்கோ, "சாப்பிடுகிற தட்டில் இது என்ன கண்றாவி?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் இந்த ஹாலோவீன் விருந்துக்குப் பின்னால் பல நூற்றாண்டுக் கதை இருக்கிறது.

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் பண்டிகைக்கு 'சௌவின்' என்று பெயர். அக்டோபர் 31 மாலையில் அது தொடங்கும். கோடையில் மலை மேய்ச்சலுக்குப் போன மாடுகள் தொழுவத்துக்குத் திரும்பியிருக்கும். இருப்பவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் நடுவே உள்ள கதவு அன்றிரவு திறந்திருக்கும் என்று நம்பினார்கள். பிற்பாடு கிறிஸ்தவத் திருச்சபை நவம்பர் 1ஐப் புனிதர் எல்லோருக்குமான நாளாகவும், நவம்பர் 2ஐ இறந்தோர் எல்லோருக்குமான நாளாகவும் வைத்தது. நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு கல்லறைத் திருநாளுக்குப் போவதும் இதே நவம்பர் 2இல்தான். புனிதர் நாளுக்கு முந்தைய மாலையை 'ஆல் ஹாலோஸ் ஈவ்' என்றார்கள். அதுவே சுருங்கி ஹாலோவீன் ஆயிற்று.

அயர்லாந்தில் அந்த இரவு வீட்டுச் சாப்பாட்டு இரவு. விரத நாள் என்பதால் இறைச்சி கிடையாது. உருளைக்கிழங்கை மசித்து, முட்டைக்கோஸோ கீரையோ சேர்த்து, நடுவில் குழி பறித்து வெண்ணெய் விட்டுச் சாப்பிடுவார்கள். அதற்குக் கோல்கானன் என்று பெயர். கூடவே உலர்திராட்சை போட்ட 'பார்ம்ப்ராக்' ரொட்டி. அதற்குள் மோதிரம், காசு, கந்தல் துணி என்று ஒளித்துவைத்திருப்பார்கள். மோதிரம் கிடைத்தவருக்குக் கல்யாணம், காசு கிடைத்தவருக்குச் செல்வம், கந்தல் கிடைத்தவருக்கு வறுமை. சில வீடுகளில் இறந்துபோனவர்களுக்கும் ஒரு பங்கு எடுத்துவைத்து, அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்வார்கள். இங்கிலாந்திலோ ஏழைகள் வீடு வீடாகப் போய், அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொண்டு, பதிலுக்கு 'ஆன்மா கேக்' வாங்கிப் போனார்கள்.

1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோய் கண்டு பெரும் பஞ்சம் வந்தது. ஏறக்குறைய 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கும் மேற்பட்டோர் ஊரைவிட்டே போனார்கள். அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியவர்களோடு இந்த இரவும் போயிற்று. ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்களுக்கு, அங்கே குடைவதற்கு எளிதான பெரிய பூசணி கிடைத்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது அமெரிக்காவில் வீட்டு விருந்தாக மாறியது. டென்னிசன் என்ற காகித நிறுவனம் 1909இல் மேசை அலங்காரம், விளையாட்டு எல்லாம் சொல்லும் சிறு புத்தகம் ஒன்றை வெளியிட்டது. அலங்காரக் காகிதம் விற்பதற்கான வழிதான் அது. இன்றைய பேய் விருந்துக்கு அதுவும் ஒரு பாட்டி.

இரண்டாம் உலகப் போரில் சர்க்கரைக்கு ரேஷன் வந்தது. 1947 வரை நீடித்தது. அது நீங்கியதும் பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்பது நாடெங்கும் பரவியது. 1970களில் மிட்டாயில் விஷம், பழத்தில் பிளேடு என்று பீதி கிளம்பியது. 1974இல் டெக்ஸாஸில் ஒரு சிறுவன் விஷ மிட்டாயால் இறந்தான். கொடுத்தது அந்நியர் அல்ல, பெற்ற தகப்பன். சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் பல ஆண்டுச் செய்திகளைத் தேடிப் பார்த்தும், முகம் தெரியாதவர் கொடுத்த மிட்டாயால் குழந்தை இறந்ததாக உறுதியான நிகழ்வு எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் பயம் பயம்தானே? பல பெற்றோர் வீட்டு விருந்தே மேல் என்றார்கள்.

ஆக, இந்த விருந்து தொடங்கிய இடத்துக்கே திரும்பியிருக்கிறது. ஆனால் பழைய விருந்தாளிகள் மட்டும் மேசைக்குத் திரும்பவில்லை. அவர்கள் உட்கார்ந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் எலும்புக்கூடு உட்கார்ந்திருக்கிறது.

அங்கே இருக்கும்போது மகளோ மருமகளோ "என்ன செய்யலாம்?" என்று கேட்டால், சுலபமான வழி இருக்கிறது. மசித்த உருளைக்கிழங்கைக் கூம்பாகப் பிடித்து இரண்டு மிளகு வைத்தால் பேய் தயார். பூசணியில் சூப். திராட்சையைக் கண் விழியாக வைப்பதானால், சின்னக் குழந்தைகளுக்கு நீளவாக்கில் நறுக்கி வையுங்கள். முழுசாக விழுங்கினால் தொண்டையில் அடைக்கும். காசையும் மோதிரத்தையும் ரொட்டிக்குள் வைக்காமல் தட்டுக்கு அடியில் ஒளித்துவைத்தால் போதும்.

விளக்கைக் குறைத்துவிட்டு எல்லோரும் பேய்க் கதைக்குக் காத்திருக்கும்போது, ஒரு தட்டைக் கூடுதலாக வைத்து, அவர்கள் பார்த்தேயிராத கொள்ளுத் தாத்தாவைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் பெயர் என்ன, எதைச் சாப்பிட்டால் முகம் மலரும், எதற்குக் கோபம் வரும் என்று சொன்னால் போதும். இறந்தவர் என்றாலே பேய் இல்லை என்பது குழந்தைக்குத் தானே புரிந்துவிடும். அதைச் சொல்ல அந்த மேசையில் நம்மைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?