நெடுந்தீவின் கல்வேலியும் கிணறும்

போன வருசம் பங்குனியில நெடுந்தீவுக்கு ஒரு செத்தவீட்டுக்குப் போனனான். சம்பந்தி வழியில சொந்தம், போகாமல் இருக்க ஏலாது. பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு எல்லாம் கடந்து குறிகட்டுவானுக்கு வந்தால் அதோட ரோட்டு முடிஞ்சிடும். அதுக்கு அங்கால படகுதான். ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கடல். மா மூட்டை, சீமெந்து, காஸ் சிலிண்டர், கோழித்தீன், மோட்டார் சைக்கிள், எல்லாம் சனத்தோட சேர்ந்துதான் போகுது. நகரத்தில இருந்து இதை வாசிக்கிற பிள்ளையளுக்கு ஒண்டு சொல்லுறன். உங்கட கடையில சாமான் வாங்கினால் காசு மட்டும்தான் கணக்கு. அங்க கடலும் கணக்கு. காத்து எழும்பினால் படகு இல்லை.

நான் தோட்டக்காரன். எங்க போனாலும் முதல் பார்க்கிறது வேலியையும் கிணத்தையும்தான். நெடுந்தீவில இரண்டும் என்னை மறிச்சு வைச்சுது.

எங்கட பக்கம் வேலி எண்டால் கதியால் நட்டு, ஓலை கட்டி, வருசா வருசம் அடைக்கவேணும். அங்க வேலி எல்லாம் கல்லு. கடலடிப் பாறைக் கல்லையும் சுண்ணாம்புக் கல்லையும் சாந்து எதுவும் இல்லாமல், ஒண்டுக்கு மேல ஒண்டாப் பொருத்தி அடுக்கியிருக்கினம். இடைவெளியால காத்துப் போகும், அதால பெருங்காத்துக்கும் விழாது. வடிவுக்குக் கட்டினது எண்டு படம் எடுக்கிற ஆக்கள் நினைக்கினம். தோட்டக்காரனுக்கு வேற ஒண்டு தெரியும். அந்த நிலத்தில மேல்மண் கொஞ்சம், கல்லு அதிகம். கல்லைப் பொறுக்கினால்தான் பயிர் வைக்கலாம். பொறுக்கின கல்லை எங்கயாவது வைக்கத்தானே வேணும்? அதையே மாடும் குதிரையும் உள்ள வராமல் வேலி ஆக்கினார்கள். ஒரே வேலையில இரண்டு பலன்.

மாடு எண்டு சொன்னன். நெடுந்தீவுக்குப் பசுத்தீவு எண்டு ஒரு பழைய பேர் இருக்கு. போர்த்துக்கேயரும் தங்கட பாசையில பசுக்களின் தீவு எண்டுதான் கூப்பிட்டார்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச ஒல்லாந்தர் தங்கட ஊர்ப் பேர்களைத் தூக்கி எங்கட தீவுகளுக்கு வைச்சார்கள். வேலணை லைடன், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ற். மற்றப் பேர்கள் எல்லாம் அழிஞ்சு போச்சு. டெல்ஃப்ற் மட்டும் இண்டைக்கும் ஆங்கிலக் கடிதங்களில நிக்குது.

இந்தக் கடலில குதிரை வியாபாரம் அவங்களுக்கு முந்தியது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு வைச்ச தமிழ்க் கல்வெட்டு நயினாதீவில இருக்கு. யானை, குதிரை கொண்டுவாற கப்பல் உடைஞ்சால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மிச்சம் உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் எண்டால் பாதிக்குப் பாதி. குதிரை கொண்டு வாறவனை அரசன் எவ்வளவு பத்திரமாப் பார்த்திருக்கிறான் பாருங்கோ. பிறகு போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில நெடுந்தீவிலயே குதிரை வளர்த்தார்கள். ஆங்கிலேயர் காலத் தொடக்கத்தில நோலன் எண்ட லெப்டினன்ட் அதை நடத்தினார். அந்தப் பண்ணை போய்விட்டது. குதிரைகள் மட்டும் மேய்ப்பன் இல்லாமல் வெளியில நிக்குது. வறட்சி வந்தால் தண்ணி இல்லாமல் சாகுதுகள்.

எல்லாம் கடைசியில தண்ணியிலதான் வந்து நிக்குது. அந்தத் தீவில ஆறு இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி மட்டும் பெய்யிற மழைதான் முழு வருசத்துக்கும். அது சுண்ணாம்புக் கல்லுக்குள்ள இறங்கி, கடல் தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்கும், பாரம் குறைவு எண்டபடியால். அந்த மிதக்கிற தண்ணியைத்தான் கிணறு தருது. நன்னீர் மட்டம் ஒரு அடி இறங்கினால் கீழ இருக்கிற உப்புத்தண்ணி காலப்போக்கில 40 அடி மட்டும் ஏறும் எண்டு நிலத்தடி நீர் படிச்ச ஆக்கள் கணக்குப் போட்டிருக்கினம். அதாலதான் தீவில எல்லாக் கிணறும் நல்ல கிணறு இல்லை. சாறாப்பிட்டிப் பக்கத்துக் கிணறுகள் போல சில இடங்கள்தான் நன்னீருக்குப் பேர் போனது. இப்ப உவர்நீரைச் சுத்திகரிச்சும் குடிக்கக் குடுக்கினம்.

செத்தவீட்டில பக்கத்தில இருந்த பெரியவர் சொன்னார்: "தம்பி, பட்டையால அள்ளின காலத்தில கிணத்துக்கும் களை ஆறிச்சுது, எங்களுக்கும் களை ஆறிச்சுது. மோட்டருக்குக் களைப்பே இல்லை. அதுதான் பிழை."

படகின்ர கதையையும் சொல்லாமல் விட ஏலாது. நெடுந்தீவார் குமுதினி எண்டு சொன்னால் அது வெறும் படகின்ர பேர் இல்லை. 1985 மே 15 அண்டு குறிகட்டுவானுக்குப் போன குமுதினியை நடுக்கடலில மறிச்சு, சனத்தை வெட்டிக் கொன்றார்கள். கைக்குழந்தையும் தப்பேல்லை. செய்தது கடற்படையினர் எண்டு தப்பினவர்கள் சொன்னதை சர்வதேச மன்னிப்புச் சபை பதிவு செய்தது. பிறகும் அதே குமுதினி ஓடினது. அதில ஏறித்தான் ஆசுப்பத்திரிக்கும் கச்சேரிக்கும் போகவேணும், வேற வழி இல்லை. இறங்குதுறைக்குப் பக்கத்தில நினைவிடம் இருக்கு. நான் போன அண்டைக்கு சாமான் இறக்கின பொடியள் அதைக் கடந்துதான் மூட்டை சுமந்தார்கள்.

மின்சாரம் டீசல் இயந்திரத்தால வாறது. அந்த டீசலும் படகிலதான் வரவேணும். 2022 மார்ச்சில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூண்டுக்கும் காத்து, வெயில், பற்றரி சேர்த்து மின்சாரம் எடுக்க இந்தியாவோட ஒப்பந்தம் எழுதினார்கள். முழுக்கச் சரிவந்தால் நல்லது. ஆனால் லைற்றும் மோட்டரும் கூடும்போது கிணத்தை யார் பார்க்கிறது எண்ட கேள்வியும் கூடவே வரும்.

வந்து போன அரசுகள் எல்லாம் அந்தத் தீவுக்குப் பேர் வைச்சது, மாட்டையும் குதிரையையும் கணக்கெடுத்தது. கோட்டை இடிஞ்சு கிடக்கு. குதிரை லாயத்தில தூண்கள்தான் மிச்சம். கல்வேலி மட்டும் நிக்குது, ஏனெண்டால் விழுற கல்லை வீட்டுக்காரன் திரும்பத் தூக்கி வைக்கிறான். செத்தவீட்டு வளவிலயும் ஒரு பக்கம் சரிஞ்சு கிடந்தது. எட்டுச் செலவு முடிய அடுக்கலாம் எண்டு அவையள் கதைச்சதை நானே கேட்டன்.

எங்கட கிணறும் அதே சுண்ணாம்புக் கல்லிலதான் இருக்கு. இரண்டு வருசமா ஆவணித் தண்ணி நாக்கில கொஞ்சம் சவர்க்குது. பெரிய மோட்டர் போடுவம் எண்டு மகன் கேட்டுக்கொண்டிருந்தவன். வந்து அவனை இருத்தி இந்தக் கதை முழுக்கச் சொன்னன். இப்ப காலமை ஒரு மணித்தியாலம் இறைச்சு, கிணத்தை ஊற விட்டு, பின்னேரம் மிச்சத்தை இறைக்கிறம். இந்தமுறை மிளகாய்க் கண்டு 200 குறைச்சுத்தான் வைச்சனாங்கள். அவனுக்குக் கோவம்தான். ஆவணியில தண்ணியை வாயில வைச்சுப் பார்த்திட்டுக் கதைப்பம் எண்டு சொல்லியிருக்கிறன்.