கழுவெளியும் கழிமுகமும்

சென்னையின் தென்பகுதியில் பள்ளிக்கரணை, வடகோடியில் எண்ணூர். முன்னது ஏரிகளின் உபரிநீர் வந்து தங்கும் கழுவெளி. பின்னது கடல்நீர் ஏறி இறங்கும் கழிமுகம். ஒன்றைக் குப்பையும் கட்டடமும் தின்றன. மற்றொன்றை அனல்மின் நிலையச் சாம்பல் தூர்த்தது. அரசுக்கு வெளியே நடக்கும் ஆய்வு எந்த வாசல் வழியாக நிலக் கொள்கைக்குள் நுழைகிறது என்று அறிய விரும்பினால், இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

பள்ளிக்கரணையின் சிக்கல், அது ஏட்டில் நீர்நிலையாகவே இல்லாதது. வருவாய்த் துறைக்கு அது நெடுங்காலம் தரிசு. தரிசென்று எழுதப்பட்ட நிலத்தில் பெருங்குடிக் குப்பைக்கிடங்கு வந்தது, ஆராய்ச்சி நிறுவனங்கள் வந்தன, பல்லாவரம் துரைப்பாக்கம் சாலை குறுக்கே ஓடியது. இவற்றைக் கொண்டுவந்தவர்கள் திருட்டுத்தனமாக வந்தவர்களல்லர். முறையாக அனுமதி பெற்றவர்கள். எண்ணூரின் சிக்கல் இதற்கு நேர்மாறு. 1996இல் உச்ச நீதிமன்றம் நெருக்கியதால் மாநிலங்கள் கடலோர மண்டல மேலாண்மைத் திட்டங்களை வகுத்தன. அவ்வாண்டு மத்திய அரசின் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில், ஏறத்தாழ 6,500 ஏக்கர் கழிமுகம் கட்டுமானத்துக்கு இடமில்லாத முதல் வகை மண்டலமாகவே குறிக்கப்பட்டிருந்தது. தெற்கில் ஏடு நிலத்தை அறியவில்லை; வடக்கில் ஏடு அறிந்ததை அலுவலகம் மறந்தது.

ஆகவே ஆய்வின் இயல்பும் வேறாயிற்று. 2002-03இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காக கேர் எர்த் அமைப்பு பள்ளிக்கரணையை ஆராய்ந்தது. பறவை, மீன், தாவரம் எனப் பட்டியல்கள் எழுந்தன. கூடவே, எந்தெந்த ஏரிகளின் உபரி இங்கே வந்து சேர்கிறது, ஒக்கியம் மடுவு என்ற வடிகால் வழியாக எப்படி வெளியேறுகிறது என்ற கணக்கும் எழுந்தது. நாளிதழ்களுக்குப் பிடித்தது முதற்கணக்கு. அரசை அசைக்க வல்லது இரண்டாவது என்பது என் கணிப்பு: அந்த நீர் இங்கே தங்காவிட்டால் அருகிலுள்ள வேளச்சேரியின் வீட்டு வாசலில் தங்கும் என்பதை அதிகாரிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாயிற்று.

எண்ணூரில் ஆய்வு தொடங்கியது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவில். மாநில அலுவலகம் கொடுத்த பிந்தைய வரைபடத்தில், கழிமுகம் இருக்க வேண்டிய இடத்தில் கழிமுகம் இல்லை. ஒப்புதல் பெற்றது எது என்று மத்திய அமைச்சகத்தைக் கேட்டபோது, 1996ஆம் ஆண்டு வரைபடமே என்று பதில் வந்தது. பத்து ரூபாய் மனுக் கட்டணத்தில், இரு தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பதையும் ஆய்வென்று ஏற்கத் தயங்குவோர் உண்டு. எனக்கு அந்தத் தயக்கம் இல்லை.

விளைவிலும் வேறுபாடு உண்டு. பள்ளிக்கரணைக்கு வனத்துறை என்றொரு காவலர் கிடைத்தார். எண்ணூருக்குப் பசுமைத் தீர்ப்பாய உத்தரவுகள் கிடைத்தன. பொறுப்பேற்கும் ஒற்றைத் துறை கிடைக்கவில்லை. ஆனால் எண்ணூர் வழக்குகளில் மீனவர் மனுதாரராகவே நின்றார். சாம்பல் படிந்து, கழிமுகத்தில் சேரும் கொசஸ்தலை ஆற்றின் ஆழம் குறைந்ததை வல்லுநர் குழுக்களுக்கு முன்பே சொன்னவர் அவர். பள்ளிக்கரணைப் பேச்சில், அந்தக் கழுவெளியை நம்பிப் பிழைத்தவர்களின் குரல் அவ்வளவாகக் கேட்கவில்லை. எது சிறந்த வெற்றி என்று என்னால் தராசில் நிறுத்த முடியவில்லை.

பக்கிங்காம் கால்வாய் இரண்டையும் தொட்டுச் செல்கிறது என்பது வரைபடத்தில் யாரும் காணும் உறவு. நாம் எதிர்பாராத உறவு வேறொன்று: காலப்போக்கில் இரண்டும் இடம் மாறிக்கொண்டன.

2022இல் பள்ளிக்கரணை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் தளமாயிற்று, பரப்பு 1,247.54 ஹெக்டேர். அதில் வனத்துறையின் கையில் இருப்பது ஏறக்குறைய 700. எஞ்சியது எந்தெந்தப் புல எண்களில் விழுகிறது? அங்கீகாரம் உண்டு, வரைபடம் உண்டு. கட்டட அனுமதி வழங்கும் மேசையில் அதன் எல்லை இல்லை. 2025இல் பசுமைத் தீர்ப்பாயம், எல்லையை அளந்து முடிக்கும் வரை தளத்திலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள்ளும் புதிய அனுமதி கூடாதென்றது. உயிரினப் பட்டியலோடு புறப்பட்ட தெற்கு, இன்று பட்டா, சர்வே கல் என்று ஏட்டோடு மல்லுக்கட்டுகிறது. எண்ணூரில் முன்பு நடந்த அதே வேலை.

ஏட்டோடு புறப்பட்ட வடக்கோ உயிரினத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கொசஸ்தலை ஆற்றின் அடியில் கறுத்த சிறு சிப்பியொன்று கொத்துக் கொத்தாய்ப் பாய் விரித்தாற்போலப் படர்ந்தது. சேற்றில் இறால் புதைய இடமில்லை. உள்ளூர் மட்டி மூச்சடைந்து மடிந்தது. மீனவர்கள் அதற்குக் காக்கா ஆழி என்று பெயரிட்டார்கள். அது தென்னமெரிக்கக் கரையைச் சேர்ந்த மைடெல்லா ஸ்ட்ரைகாட்டா. கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிவரும் நீரோடு வந்திருக்கலாம் என்பது பரவலான ஐயம். அதை அகற்றுவது யார் பொறுப்பு என்ற வழக்கில், துறைமுகம், நீர்வளத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எல்லாம் ஒரே சிப்பியைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று.