வேட்டியும் களிசானும்

ஒரு நாட்டின் வெயிலும் மழையுமே அந்நாட்டவரின் உடையைத் தீர்மானிக்கின்றன என்று பாடசாலையில் படித்தோம். ஈழத்தமிழரின் உடை வரலாற்றை நோக்கும்போது, சோளகமும் வாடையும் தீர்மானித்ததைவிட ஆட்சியாளர் தீர்மானித்ததே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நமது பேச்சுமொழியே அதற்குச் சாட்சி. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 1658இல் அதனை ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தனர். அவர்கள் போய் மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆனால் களிசான், சப்பாத்து, லேஞ்சி ஆகிய அவர்களது மொழிச் சொற்கள் இன்றும் நம் வீடுகளில் வழங்குகின்றன. தமிழகத்து நண்பர் ஒருவரிடம் லேஞ்சி கேட்டால் அவர் திகைப்பார்.

ஆங்கிலேயர் காலத்தில் கோட்டும் கழுத்துப்பட்டியும் உத்தியோகத்தின் அடையாளமாயின. வெள்ளையரின் உடையைக் கண்மூடிப் பின்பற்றுவதைக் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1905ஆம் ஆண்டிலேயே கண்டித்து எழுதினார். 1924இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் சுதேசிய உணர்வை வளர்த்தது. அதன் அழைப்பை ஏற்று 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்து கதர் நிதி திரட்டினார். வேட்டியும், 'நஷனல்' என நாம் அழைக்கும் கழுத்துப்பட்டி இல்லாத நீண்ட மேற்சட்டையும், சால்வையும் ஆசிரியர்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் பெருமைக்குரிய உடையாயின.

தெற்கிலும் இதுவே நடந்தது. ஒக்ஸ்போர்ட்டில் படித்துத் திரும்பிய எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா தேசிய உடைக்கு மாறினார். 1956இல் அவர் ஆட்சிக்கு வந்தபோது அவ்வுடையும் அரியணை ஏறியது. அந்த மேற்சட்டைக்கும் நமது நஷனலுக்கும் பெரிய வேறுபாடில்லை. இடுப்புக்குக் கீழேதான் வேறுபாடு. அவர்களுடையது மூட்டிய வெள்ளைச் சாரம், நம்முடையது மூட்டாத வேட்டி. இடையில் இருந்தது ஒரேயொரு தையல்.

அந்தத் தையல் உயிர்ப்பிரச்சினையானது 1958 இனக்கலவரத்தில். வேட்டி கட்டியவரைத் தமிழரென்று கண்டுகொள்ள எவரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. பெண்கள் நெற்றிப் பொட்டை அழித்துக்கொண்டனர். 1983 யூலையிலும் அதுவே நிகழ்ந்தது.

கொழும்பில் பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில் விடுமுறைக்கு யாழ்தேவியில் ஊர் செல்வேன். கோட்டையில் ஏறும்போது பயணிகள் அனைவரும் களிசானுடன் இருப்பர். வவுனியாவைத் தாண்டியதும் சிலர் பையைத் திறந்து வேட்டியை எடுப்பர். நானும் எடுப்பேன். திரும்பும்போது இதே காரியம் மறுவளமாக நடைபெறும். யாரும் யாரிடமும் காரணம் கேட்பதில்லை. எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

1983இன் பின்னர் பெருந்தொகையானோர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் புலம்பெயர்ந்தனர். உடையைப் பருவகாலம் தீர்மானிக்கும் என்ற பாடசாலைப் பாடம் அங்கேதான் அவர்களுக்கு முதன்முறையாக உண்மையானது. கம்பளி மேலங்கி, கையுறை, பனிச் சப்பாத்து என்று ஆண்டின் பாதி கழிகிறது. வேட்டிக்கு அங்கு கோடை மட்டுமே உரியது. பாரிஸிலும் இலண்டனிலும் பிள்ளையாரும் அம்மனும் கோடையில் தேரேறும்போது அலுமாரியில் கிடந்த வேட்டி வெளியே வருகிறது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் நல்லூரில் கந்தனின் 25 நாள் மகோற்சவமும் நடைபெறுகிறது.

1990இல் வடக்கே தடைப்பட்ட யாழ்தேவி 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. இன்று அதில் வேட்டியுடன் பயணம் செய்ய அஞ்சவேண்டியதில்லை. ஆயினும் இளைஞர்கள் களிசானுடனேயே ஏறி, களிசானுடனேயே இறங்குகின்றனர். அவர்களை அச்சம் மாற்றவில்லை, காலம்தான் மாற்றியது. வேட்டி வழக்கொழிந்து போவதற்காக நான் வருந்தலாம். ஆனால் விரும்பிய உடையை விரும்பியபடி உடுக்கும் உரிமையுடன் ஒரு தலைமுறை கோட்டையில் இறங்குகிறது என்றால், வேட்டியைவிடப் பெறுமதியானது அதுவே.