தங்கம் கை மாறும், நஞ்சு வீட்டில் தங்கும்

போன மாதம் எங்கள் மாலைநேரப் படிப்பகத்தில் பிளஸ் டூ படிக்கும் தம்பி ஒருவன் செல்போனை நீட்டினான். ஒருவர் பழைய மதர்போர்டுகளை வாளியில் போட்டு அமிலம் ஊற்றுகிறார். வீடியோவின் முடிவில் அவர் உள்ளங்கையில் ஒரு துளித் தங்கம். "அக்கா, மாமாவோட காயலான் கடையில இதெல்லாம் மூட்டை மூட்டையா கெடக்கு. நாமளே வீட்ல எடுத்தா என்ன?" என்று கேட்டான்.

"வேண்டாம்பா, ஆபத்து" என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் வாடிவிட்டது. குப்பையைப் பொறுக்கலாம், அதிலுள்ள தங்கத்தை மட்டும் தொடக்கூடாதா என்று நினைத்திருப்பான். அது நியாயமான கோபம். அவனுக்குச் சேர வேண்டிய முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

குப்பையிலிருந்து பொன் எடுப்பது கம்ப்யூட்டரோடு பிறந்த தொழில் அல்ல. வட இந்தியாவில் நியாரியா என்றொரு சமூகம் உண்டு. பொற்கொல்லர் பட்டறைகளின் தூசியையும் சாம்பலையும் வாங்கி, அலசி, அதில் சிதறிய பொன், வெள்ளித் துகளைப் பிரித்தெடுப்பது அவர்கள் தொழில். பிரிட்டிஷ் ஆட்சிக்காலத் தொகுப்புகள் அவர்களைத் தனிச் சாதியாகவே பதிவு செய்தன. நகையை அணிபவர் ஒருவர், செய்பவர் ஒருவர், அதன் புழுதியைச் சலிப்பவர் இன்னொருவர். சாதி என்பது வெறும் வேலைப் பங்கீடுதான் என்ற வாதத்தை அம்பேத்கர் 1936இல் ஏன் நிராகரித்தார் என்பதை இந்தப் புழுதியை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

அடுத்து, உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத். பித்தளை நகரம் என்று பெயர் பெற்ற ஊர். உலை மூட்டவும் உலோகம் உருக்கவும் தெரிந்தவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் கைவினைஞர் குடும்பங்கள். 2008 உலகப் பொருளாதார நெருக்கடியில் பித்தளை ஏற்றுமதி அடிவாங்கியது. அதே காலத்தில் தில்லியில் சர்க்யூட் போர்டுகள் குவிந்துகொண்டிருந்தன. முஸ்லிம்களும் தலித்துகளும் நிறைந்த சீலம்பூரில் கம்ப்யூட்டர்கள் பிரிக்கப்பட்டு, போர்டுகள் மொராதாபாத்துக்கு லாரி ஏறின. அங்கே வீட்டு முற்றங்களில் பெண்களும் பிள்ளைகளும் பாகங்களைக் கழற்றினார்கள். போர்டை எரித்து, சாம்பலை அரைத்து, ராம்கங்கை ஆற்றோரம் அலசிச் செம்பு எடுத்தார்கள். தங்கத்துக்கு அமிலம். 2015இல் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் நடத்திய ஆய்வில், அங்கே மண்ணிலும் ஆற்றிலும் கன உலோகங்கள் வரம்பை மீறி இருந்தன.

இதன் விலையை உடல்தான் கொடுக்கிறது. அமிலத்திலிருந்து எழும் பழுப்புப் புகை நுரையீரலை அரிக்கும். பிளாஸ்டிக் எரியும்போது டையாக்சின் வரும். பற்றவைப்பில் உள்ள ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். சீனாவின் குயியூவில் இதே வேலை ஊர் முழுக்க நடந்தது. அங்கே 165 குழந்தைகளைப் பரிசோதித்த ஆய்வு 2007இல் வெளியானது. சுமார் 82 சதவிகிதம் பேருக்கு ரத்தத்தில் ஈயம் அன்றைய எச்சரிக்கை அளவைத் தாண்டியிருந்தது.

இவ்வளவு விலை கொடுத்தும் தங்கம் முழுசாகக் கிடைக்கிறதா? அதுவும் இல்லை. பெங்களூரில் சிறு பட்டறைகளை ஆராய்ந்தபோது, போர்டில் இருந்த தங்கத்தில் சுமார் கால் பங்குதான் அமில முறையில் கைக்கு வந்தது. மீதி சாக்கடைக்குப் போனது. நவீன உருக்காலை 95 சதவிகிதம் எடுக்கிறது. டோக்கியோ 2020 ஒலிம்பிக் பதக்கங்களுக்கு, மக்கள் கொடுத்த பழைய செல்போன்களிலிருந்தும் சாதனங்களிலிருந்தும் ஜப்பான் சுமார் 32 கிலோ தங்கம் எடுத்தது. அதே பொருள், அதே உலோகம். அங்கே அது தேசப் பெருமை, சீலம்பூரில் அது சட்டவிரோதம்.

சட்டம் என்ன செய்தது? அபாயக் கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் ஒப்பந்தம் 1989இல் உருவானது. இந்தியா 1992இல் சேர்ந்தது. அமெரிக்கா இன்றுவரை அதை உறுதிசெய்யவில்லை. இங்கே மின்னணுக் கழிவுக்கென்று 2011, 2016, 2022 என மூன்று முறை விதிகள் வந்தன. தொழிலாளரை அங்கீகரித்துப் பதிவு செய்வது மாநிலத் தொழிலாளர் துறையின் பொறுப்பு என்று 2016 விதிகளே சொல்கின்றன. 2022 விதிகளில், மறுசுழற்சி செய்த தங்கத்துக்கும் செம்புக்கும் சான்றிதழ் உண்டு, கம்பெனிகள் அதை விலைக்கு வாங்கலாம். உலோகத்தை எண்ணிக் கணக்கு வைக்க ஏற்பாடு இருக்கிறது. பொறுக்குகிறவரைப் பதிவு செய்வது மட்டும் காகிதத்தோடு நிற்கிறது. ரெய்டு வந்தால் பூட்டப்படுவது முற்றம்தான். பிறகு அந்த வேலை இரவுக்கும் இன்னொரு சந்துக்கும் நகர்கிறது.

2022இல் உலகம் கொட்டிய மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரிக்கப்பட்டது 22.3 சதவிகிதம். மீதியில் பெரும்பகுதி யார் கையில் வந்து சேரும் என்பது நமக்குத் தெரியும்.

தோழர்களே, "வீட்டிலேயே எடுப்போம்" என்பது விடுதலை அல்ல. நியாரியாவின் புழுதியை நம் வீட்டு வாளிக்குள் கொண்டுவருவதுதான். "விட்டுவிடு" என்று மட்டும் சொல்வதும் நியாயம் இல்லை, அது சோற்றைப் பறிப்பது. சேகரிப்பவர்களும் பிரிப்பவர்களும் பதிவு பெற வேண்டும். கூட்டுறவாகச் சேர வேண்டும். எடைக்குப் பழைய இரும்பு விலை வாங்காமல், உள்ளே இருக்கும் தங்கத்துக்கு ஏற்ற விலையை உருக்காலையிடமே கேட்க வேண்டும். அவர்கள் பிள்ளைகளுக்கு அரசு மருத்துவமனையில் ஈயப் பரிசோதனை கேட்க வேண்டும்.

அந்தத் தம்பியிடம் இதைச் சொன்னேன். வரும் ஞாயிறு அவன் மாமா கடைக்குப் போகிறோம். ஒரு கிலோ போர்டை அவர் என்ன விலைக்கு விற்கிறார், வாங்குபவர் அதை என்ன விலைக்குக் கைமாற்றுகிறார் என்று நோட்டில் எழுதப்போகிறோம். அங்கிருந்து தொடங்குவோம்.