கணினி கண் திறந்த கதை



பதிவு கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவன் என்று என்னைக் கேலி செய்வீர்களே, அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

இந்த ஆண்டு ஆடித்தபசுக்கு முந்திய நாள்தான் சென்னையில் மகள் வீட்டிலிருந்து சங்கரன்கோவில் திரும்பினேன். இரண்டு மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. போகும்போது இடி மின்னலுக்குப் பயந்து கணினியின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுப் போயிருந்தேன். தபசுக் கூட்டமெல்லாம் கலைந்து ஊர் ஓய்ந்த பிறகு, ஒரு காலையில் பிளக்கைச் சொருகிப் பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி வந்து நின்றது: ‘ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்’. மறுபடி அணைத்துப் போட்டேன். அதே வரி. ஐந்தாறு தடவை போட்டும் அதே வரிதான்.

2013இல் பாகங்கள் வாங்கிச் சேர்த்த பழைய பெட்டி. அது போனால் போகட்டும். உள்ளே இருந்தவை இரண்டு. ஒன்று, நம் பள்ளியில் 1990களில் நீங்கள் நடத்திய கையெழுத்துப் பத்திரிகைகள். தாள் மடிப்பில் ஒடியத் தொடங்கியதால், ஓய்வு பெற்ற பிறகு ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். மூலத்தாள்களில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. இன்னொன்று என் அம்மாவின் குரல். எங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு வந்தது, யார் யாருக்கு எங்கே பெண் கொடுத்தோம் என்று 2015இல் 40 நிமிடம் பேசியிருக்கிறார். பதிவு செய்த செல்போன் இப்போது இல்லை. அம்மாவும் இல்லை. வேறு பிரதி எடுத்து வைத்தாயா என்று கேட்காதீர்கள். எடுக்கவில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். பார்த்த தம்பி ஒரு நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “விண்டோஸ் போயிட்டு சார். ஃபார்மேட் பண்ணிப் புதுசாப் போட்டாத்தான் ஓடும். உள்ள இருக்கிறது எல்லாம் போயிரும், பரவாயில்லையா?” யோசித்துச் சொல்கிறேன் என்று பெட்டியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். கணக்கில் விடை தப்பினால் சிலேட்டு முழுவதையும் எச்சில் தொட்டு அழித்துவிட்டு முதலிலிருந்து போடும் பிள்ளைகளை 34 வருடம் பார்த்தவன் நான். எந்த வரியில் தப்பியது என்று கேட்பதுதான் என் வேலையாக இருந்தது.

அன்று இரவே 1996இல் எட்டாம் வகுப்பு முடித்த ஒரு மாணவனைத் தொலைபேசியில் பிடித்தேன். பெங்களூரில் கணினி வேலையில் இருக்கிறான். பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டான். அவன் கேட்ட முதல் கேள்வி எனக்கு வியப்பாக இருந்தது.

“சார், உள்ள போய்ப் பாருங்க, தேதி என்ன காட்டுது?”

டெலிட் விசையைத் தட்டிக்கொண்டே பொத்தானை அழுத்தச் சொன்னான். நீல நிறத்தில் ஓர் அமைப்புத் திரை வந்தது. மூலையில் பார்த்தேன். 2013 ஜனவரி 1 என்று இருந்தது.

“அப்ப ஹார்ட் டிஸ்க் போகல சார். பேட்டரிதான் போயிருக்கு.”

தேதிக்கும் கணினி எழுந்திருப்பதற்கும் என்ன உறவு? அன்று அவன் சொன்னதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கணினி வேலை செய்ய அதன் நினைவகத்தில் நிரல் இருக்க வேண்டும். நிரலை நினைவகத்தில் ஏற்றவும் ஒரு நிரல் வேண்டும். அதை யார் ஏற்றுவது? தன் தோள்மேல் தானே ஏறுவது போன்ற சிக்கல் இது. ஜெர்மன் நாட்டுப் புளுகுக் கதை ஒன்றில் முன்ச்சௌசன் என்னும் பிரபு, சேற்றில் மாட்டிக்கொண்டு தன் குடுமியைத் தானே பிடித்துத் தூக்கி வெளியே வருவார். ஆங்கிலத்தில் குடுமிக்குப் பதில் காலணியின் வாரைச் சொல்வார்கள். அந்தக் காலணியிலிருந்து வந்ததுதான் ‘பூட்’ என்னும் சொல்.

தொடக்கத்தில் இந்தச் சிக்கலைத் தீர்த்தவர்கள் மனிதர்கள். பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் தாங்களே வடிவமைத்த டிஃப்ராக் 1960இல் ஓடத் தொடங்கியது. நம் பக்கத்தில் சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973இல் ஐ.பி.எம். 370 வந்தது. அவையெல்லாம் அறை நிறைய நிற்கும் இயந்திரங்கள். எழுப்பவும் தூங்க வைக்கவும் பக்கத்திலேயே பயிற்சி பெற்ற ஆட்கள் இருந்தார்கள். வீட்டுக் கணினிக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

1975இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆல்டேர் 8800தான் வீட்டுக்கு வாங்கிய கணினிகளில் பேர் பெற்ற முதல் ஒன்று. அதற்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. முகப்பில் வரிசையாகச் சுவிட்சுகள், சின்னச் சின்ன விளக்குகள். தொடக்க நிரலைச் சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி, ஒவ்வோர் எண்ணாக நாமே ஊட்ட வேண்டும். மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து. நம் ஊர் 2012 மின்வெட்டை நினைத்துக்கொள்ளுங்கள்!

அந்த ஆல்டேருக்காக பில் கேட்ஸும் பால் ஆலனும் பேசிக் மொழியை எழுதினார்கள். அதை ஓட்டிக் காட்ட ஆலன் அல்புகர்க்கி நகருக்கு விமானத்தில் போகிறார். விமானம் இறங்கப் போகும் நேரத்தில்தான் நினைவுக்கு வருகிறது: பேசிக் நாடா கையில் இருக்கிறது, அதை ஏற்றுவதற்கான தொடக்க நிரலை எழுதவே இல்லை! உட்கார்ந்த இடத்திலேயே தாளில் எழுதினார். அதுவரை அவர் உண்மையான ஆல்டேரைத் தொட்டதே கிடையாது. போய்ச் சுவிட்சுகளைத் தள்ளி ஏற்றினார். இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று கேட்க, 4 என்று விடை வந்தது. பின்னாளில் மைக்ரோசாஃப்ட் என்று உலகமே அறிந்த நிறுவனத்தின் முதல் விற்பனை, விமானத்தில் அவசரமாகக் கிறுக்கிய அந்த நாலு வரியில் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுப்பாடத்தைப் பள்ளி வாசலில் வைத்து எழுதிய ஆட்கள் மகிழ்ந்துகொள்ளலாம்.

சுவிட்சு தள்ளும் வேலையைச் சில்லுக்குள் அடைத்ததுதான் அடுத்த கட்டம். 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். பி.சி. வந்தது. மின்சாரம் வந்ததும் அதன் செயலி எப்போதும் ஒரே ஒரு முகவரிக்குத்தான் போகும். அங்கே அழியாத சில்லில் எழுதி வைத்த நிரல் இருக்கும். அதன் பெயர் பயாஸ். அது நினைவகம் இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா என்று ஆஜர் எடுக்கும். எல்லோரும் இருந்தால் ‘பீப்’ என்று ஒரு சின்னச் சத்தம். யாராவது வரவில்லை என்றால் வேறு விதமான சத்தம். திரை இருண்டு கிடந்தாலும் காதால் குறை கண்டுபிடிக்க வழி வைத்தார்கள்.

ஆஜர் முடிந்ததும் பயாஸ் வட்டின் முதல் 512 பைட்டுகளைப் படிக்கும். 1983இல் ஹார்ட் டிஸ்கோடு வந்த ஐ.பி.எம். எக்ஸ்.டி. காலத்திலிருந்து இந்த ஏற்பாடு. அதில் 446 பைட்டு நிரலுக்கு, 64 பைட்டு வட்டை எப்படிப் பிரித்திருக்கிறது என்ற குறிப்புக்கு, கடைசி 2 பைட்டு முத்திரைக்கு. நான் இப்போது எழுதிய இந்த ஒரு பத்தியைக்கூட அந்த 446இல் அடக்க முடியாது. ஆனால் அது சரியாக இருந்தால்தான் விண்டோஸ் எழும்.

இவ்வளவு குறுகலான வாசலில் திருடன் ஒளிந்துகொள்ளாமல் இருப்பானா? 1986இல் லாகூரில் கணினிக் கடை வைத்திருந்த சகோதரர்கள் இருவர், தங்கள் மென்பொருளைத் திருட்டுப் பிரதி எடுப்பவர்களைப் பிடிக்க ‘பிரெய்ன்’ என்ற நிரலை எழுதினார்கள். ஃப்ளாப்பியின் முதல் பகுதியில் உட்கார்ந்துகொண்டு, ஏற்கெனவே அங்கே இருந்ததை வேறிடத்துக்குத் தள்ளிவிடும். ஐ.பி.எம். பி.சி.யைத் தாக்கிய முதல் வைரஸ் என்று அதைத்தான் சொல்கிறார்கள். எழுதியவர்கள் தங்கள் கடை முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதற்குள்ளேயே வைத்திருந்தார்கள். பிறகு 1999 ஏப்ரல் 26 அன்று சி.ஐ.எச். என்ற வைரஸ் சில கணினிகளின் பயாஸ் சில்லையே அழித்தது. அவை பொத்தானை அழுத்தினால் பீப் சத்தம்கூடப் போடவில்லை.

இனி தேதிக்கு வருகிறேன். முதல் ஐ.பி.எம். பி.சி.க்கு நேரம் தெரியாது. ஒவ்வொரு முறை போடும்போதும் இன்று என்ன தேதி என்று நம்மைக் கேட்கும். 1984இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி.யில்தான் பேட்டரியில் ஓடும் கடிகாரச் சில்லை வைத்தார்கள். அதில் மொத்தம் 64 பைட்டு இடம். கடிகாரத்துக்கு 14 போக மீதி 50 பைட்டில், இந்தக் கணினியில் என்னென்ன பூட்டியிருக்கிறது என்ற குறிப்பை எழுதினார்கள். நேரமும் நினைவும் ஒரே பேட்டரியில் குடித்தனம் நடத்தத் தொடங்கியது அப்படித்தான். இன்றைக்கும் மதர்போர்டில் எட்டணாக் காசு மாதிரி ஒரு வட்ட பேட்டரி இருக்கும். சி.ஆர். 2032 என்று அதன் மேல் எழுதியிருக்கும். பிளக் சொருகியிருக்கும் வரை பெரும்பாலும் அதற்கு வேலை இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டால் எல்லாச் சுமையும் அதன் தலையில். என் பெட்டியில் இருந்ததோ பத்து வருடத்துக்கு மேல் உழைத்த கிழட்டு பேட்டரி. இரண்டு மாதம் நான் மகள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இங்கே அது மூச்சை விட்டிருக்கிறது. இடிக்குப் பயந்து நான் செய்த காரியமே வினையாயிற்று.

நினைவு போனதும் என் கணினி பிறந்த நாளுக்குத் திரும்பிவிட்டது. அப்போது அதற்குத் தெரிந்தது புது முறை மட்டும்தான். 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வட்டைப் பழைய 512 பைட்டு ஏற்பாட்டால் முழுதாகக் கையாள முடியாது. பயாஸுக்குப் பதில் யு.இ.எஃப்.ஐ. என்ற முறை வந்தது. 2005 முதல் பல நிறுவனங்கள் சேர்ந்த ஓர் அமைப்பு அதைப் பேணுகிறது. அது முதல் 512 பைட்டைப் பார்த்து எழுவதில்லை. வட்டில் தனக்கென ஒதுக்கிய ஒரு பகுதியில் கோப்பைத் தேடும். என் விண்டோஸ் 7ஐப் போட்டவரோ அன்று பழைய முறைக்கு மாற்றிவிட்டுத்தான் போட்டிருக்கிறார். புது முறை பழைய வட்டில் தன் கோப்பைத் தேடியது. கிடைக்கவில்லை. சரியான வட்டைக் காட்டு என்று என்னிடம் கேட்டது. அவ்வளவுதான் நடந்தது.

“சார், பூட் மோடுன்னு ஒரு வரி இருக்கா? அதை லெகசின்னு மாத்துங்க.”

லெகசி என்றால் முன்னோர் விட்டுச் சென்றது என்று பொருள். மாற்றிச் சேமித்தேன். நாலு நிறங்கள் சுழன்று வந்து சன்னல் படம் ஆயின. அடுத்த அறையிலிருந்த என் மனைவி, “என்ன, அழுறீங்களா?” என்று கேட்டாள். இல்லை என்றேன்.

“சார், மொதல்ல ரெண்டு பிரதி எடுங்க. அப்புறம் பேட்டரி மாத்துங்க,” என்று அவன் விரட்டினான். எடுத்து முடிக்க இரவு ஒரு மணி. மறுநாள் ரத வீதியில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடையில் 40 ரூபாய்க்குப் பேட்டரி வாங்கி வந்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டுக் கையிலிருக்கும் நிலைமின்னை இறக்கிவிட்டு, நானே மாட்டினேன். எழுத்து உள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும். பிறகு தேதியைச் சரிசெய்து, மறந்து போன பூட் மோடை மறுபடி ஒருமுறை சொல்லிக் கொடுத்தேன்.

உங்கள் வீட்டில் கணினி எழாவிட்டால் கடைக்காரரிடம் கொடுக்கும் முன் எந்தப் படியில் நின்றது என்று பாருங்கள். விளக்கே எரியவில்லையா, அது மின்சாரம் அல்லது பவர் சப்ளை. விசிறி சுற்றியும் திரை இருட்டா, பீப் சத்தத்தை எண்ணுங்கள். பெரும்பாலும் ரேம் தளர்ந்திருக்கும். கழற்றிப் பொன்னிற விளிம்பை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டினாலே பாதி பிழைத்துவிடும். எழுத்து வந்து நிற்கிறதா, வட்டின் பெயர் அமைப்புத் திரையில் தெரிகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் சின்னம் வந்த பிறகு நிற்கிறதா, அது கடைசிப் படி. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரு கோளாறான கோப்பால் உலகமெங்கும் சுமார் 85 லட்சம் கணினிகள் அந்தக் கடைசிப் படியில்தான் நின்றன. நம் விமான நிலையங்களில்கூடக் கையால் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஒரு கோப்பை நீக்கியதும் எழுந்துகொண்டன. பெரும்பாலும் ஃபார்மேட் செய்யத் தேவை இருக்கவில்லை.

அம்மாவின் குரல் வேண்டும் என்கிற உறவினர்கள் தனிச்செய்தியில் கேளுங்கள், அனுப்புகிறேன். ஆளுக்கொரு பிரதி இருக்கட்டும். மாணவர்களுக்கு ஒரு கேள்வி. கீழே போட்டிருக்கும் படம் 1994 பொங்கல் இதழின் மூன்றாம் பக்கம். புற்று மண் எடுக்க வரிசையில் நின்ற கதையை எழுதிய பிள்ளை பெயர் போட மறந்திருக்கிறது. ‘ற’கரத்தின் காலை இவ்வளவு நீளமாக இழுத்தது யார்?