மதரஸா: சொல்லும் பொருளும்

“பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மதரஸாவுக்கு ஓதப் போ” என்று நம் வீடுகளில் பிள்ளைகளிடம் சொல்கிறோம். உலகப் படிப்புக்கு ஓரிடம், மார்க்கக் கல்விக்கு வேறோர் இடம் என்று இவ்விரு சொற்களும் நம் பேச்சில் பிரிந்து நிற்கின்றன. அரபு மொழியிலோ ‘மதரஸா’ என்றால் பாடம் பயிலும் இடம் என்பதே பொருள். கணிதமும் அறிவியலும் கற்பிக்கும் சாதாரணப் பள்ளிக்கும் அரபு நாடுகளில் இன்றளவும் அதுவே பெயர்.

‘தரஸ’ என்னும் வேரிலிருந்து பிறந்த சொல் இது. பாடத்தைக் குறிக்கும் ‘தர்ஸ்’, ஆசிரியரைக் குறிக்கும் ‘முதர்ரிஸ்’ ஆகியவையும் அதே வேரின் கிளைகள். திருக்குர்ஆனில் மதரஸா என்ற சொல் இல்லை; ஆனால், வேதத்தைக் கற்பிப்பதையும் பயில்வதையும் சேர்த்துச் சொல்லும் ஆல இம்ரான் அத்தியாயத்தின் 79-ஆம் வசனத்தில் அதன் வேர் இடம்பெறுகிறது.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் கல்விக்கெனத் தனிக் கட்டடம் இருக்கவில்லை. மதீனாப் பள்ளிவாசலின் திண்ணையில் தங்கியிருந்த ஏழைத் தோழர்கள் அங்கேயே கல்வி பெற்றனர். பிற்காலத்திலும் பள்ளிவாசலில் ஆசிரியர் அமர, மாணவர்கள் அவரைச் சூழ்ந்து வட்டமாக அமர்ந்து பயின்றார்கள். கல்வி தேடி நெடுந்தொலைவிலிருந்து வந்த மாணவர் எங்கே தங்குவார், எதை உண்பார்? அக்கவலையையும் சேர்த்துத் தீர்த்த நிறுவனமே மதரஸா.

நைஷாபூரில் முன்னரே மதரஸாக்கள் இருந்தன. எனினும், ஸல்ஜூக் அமைச்சர் நிஜாமுல் முல்க் பக்தாதில் நிறுவி, ஹிஜ்ரி 459-இல் (கி.பி. 1067) திறக்கப்பட்ட நிஜாமிய்யாவே பெரும்புகழ் பெற்றது. வக்ஃபுச் சொத்துகளின் வருவாயிலிருந்து ஆசிரியருக்கு ஊதியமும் மாணவருக்கு உதவித்தொகையும் வழங்கப்பட்டன. 1091-இல் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அங்கே ஆசிரியராகப் பொறுப்பேற்றார். 1234-இல் அதே நகரில் திறக்கப்பட்ட முஸ்தன்ஸிரிய்யா, நான்கு மத்ஹபுகளின் சட்டக் கல்வியையும் ஒரே வளாகத்தில் அளித்தது.

ஆக, மதரஸா என்பது வெறும் கட்டடத்தின் பெயரன்று. கற்பவரின் பசியையும் கற்பிப்பவரின் வாழ்வாதாரத்தையும் ஒரு சமுதாயம் தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. நம் மஹல்லாவின் மதரஸாவில் தளம் மாற்றவும் வண்ணம் பூசவும் தாராளமாகக் கொடுக்கிறோம். பிள்ளைக்கு அலிஃப், பே சொல்லித்தரும் உஸ்தாதின் மாதச் சம்பளம் அவர் குடும்பத்துக்குப் போதுமா என்று கேட்கிறோமா? அதைக் கேட்கும் நாளில்தான் அச்சொல்லின் முழுப்பொருளையும் நாம் அறிந்தவர்களாவோம்.